பேறுகாலச் சாட்சி

குழாயில் கோடு வரைக்கும் துப்பச் சொல்லியிருந்தார்கள்.
அரை மணிநேரம் முன்னால் எதுவும் தின்னக் கூடாது,
காப்பி கூடாது, சுருட்டும்.
படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்த நேரம்.
கிரீஸ் விரலோடு பிடித்துத் துப்பினேன்.
நுரைதான் வந்தது.
எலுமிச்சையை நினைத்துக்கொள் என்றாள் எல்டா.

எல்டா என் அக்கா.
அவளுடைய எச்சில் போதாதாம்;
ஆண்வழிக்கு ஆண்தான் வேண்டுமாம்.
ட்விலி என்ற பெயரில் மிஞ்சிய கடைசி ஆண்
நான்.
அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாக
இந்த வீட்டுக்கு உபயோகப்பட்டேன்.

அவள் வரவேற்பறையில் ஒரு கேடயப் படம்:
மூன்று நாரை, ஒரு வாள்,
கீழே யாருக்கும் புரியாத லத்தீன்.
தபாலில் வந்தது, முப்பது டாலர்.
ஏதோ பிரபுவின் இளைய மகன்
கப்பலேறி வந்து
இந்தச் செசபீக் சேற்றில் கால் வைத்தான் என்பது
எங்கள் வீட்டு வேதம்.

கேடயத்துக்கு ஆதாரம் தேடித்தான்
அனாபொலிஸ் ஆவணக் காப்பகத்துக்குப் போனாள்.
ஃபிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றிக்
கழுத்து பிடித்துக்கொண்டது.
1684, நவம்பர் அமர்வு.
பன்றி திருடிய வழக்குக்கும்
வேலித் தகராறுக்கும் நடுவே
பதினோரு வரி.

தாமசின் ட்விலி, ஒப்பந்த வேலைக்காரி,
மணமாகாமல் ஆண் பிள்ளை பெற்றாள்.
தகப்பன் பெயரைச் சொல்ல மறுத்தாள்.
மருத்துவச்சி ப்ரூடென்ஸ் கேட்லின் சத்தியம் செய்து சொன்னது:
வலியின் உச்சத்தில், முறைப்படி, மூன்று தரம் கேட்டேன்,
அவள் வாய் திறக்கவில்லை.
பன்னிரண்டு கசையடி.
பிள்ளை ஐசக், இருபத்தொரு வயதுவரை
கேட்லின் வீட்டில் ஊழியம்.

அவ்வளவுதான் பிரபு.
பெயர் அம்மாவுடையது.

வலியில் கிடப்பவள் பொய் சொல்ல மாட்டாள் என்று
அன்றைய சட்டம் நம்பியதாம்.
அந்த நேரம் பார்த்துத்தான் கேட்பார்களாம்,
தலை வெளியே வருமுன்.
சொன்னால்தான் கை கொடுப்பேன் என்று
மிரட்டியதும் உண்டாம்.
எல்டா எங்கோ படித்திருக்கிறாள்.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது.
அறுபத்தேழு குறிகளில் அறுபத்தாறு பொருத்தம்.
பொருந்திய பதினான்கு பேரில்
ட்விலி ஒருவன்கூட இல்லை.
ஓஹாயோவில் ஒரு கேட்லின்,
டெக்சாஸில் இரண்டு கேட்லின்,
பல் டாக்டர் கேட்லின், பாதிரி கேட்லின்.

எல்டா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.
‘மருத்துவச்சியின் புருஷன்,’ என்றாள்.
பிறகு, ‘மகன்கள் மூன்று பேர் இருந்தார்கள்.’
பிறகு, ‘மைத்துனன் ஒருவன்.’
டிஎன்ஏ வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்
திரும்பிப் போய்விடுகிறது.

எவன் என்பது எனக்குப் பெரிதில்லை.
தூக்கம் கெட்டது வேறொன்றால்.
மூன்று தரம் கேட்டாளே,
அந்தக் கைகள் தன் பிள்ளையின் தலையைத் தொட்டிருக்க
எப்படிச் சொல்வாள் தாமசின்?
அல்லது
சொன்னாளோ.
முதல் தரமே, கூரை அதிரக் கத்திச் சொன்னாளோ.
கேட்டவள்தான் அதை விழுங்கிவிட்டு
கைகழுவி
முக்காடு போட்டுக்கொண்டு
நீதிமன்றம் போனாளோ.
மூடியிருந்தது யார் வாய் என்று
பதினோரு வரியில் இல்லை.

பன்னிரண்டு அடிக்கும் வெளிவராதது
என் வாய் நுரையில் வந்துவிட்டது.
மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.
எந்தத் திசை பார்த்துக் கேட்பது?

கேடயம் இன்னும் தொங்குகிறது.
எல்டா அதைப் பற்றிப் பேசுவதில்லை,
தூசு மட்டும் தட்டுகிறாள்.

நண்டுக்கூட்டுக்கு இரைமீன் வாங்குவது
இருபது வருஷமாக டேல் கேட்லின் கடையில்.
விலைக்குச் சண்டை போடாத நாளில்லை.
இன்று விடிகாலை போனேன்.
விளக்கு வெளிச்சத்தில் அவன் காது மடலைப் பார்த்தேன்,
பெட்டியைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பார்த்தேன்.
என்னுடையதைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.
‘என்ன வேணும், சொல்லித் தொலை,’ என்றான்.
வாயைத் திறந்தேன்.
‘ரெண்டு பெட்டி,’ என்றேன்.